தொடை எலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சலாமா?

விடியற்காலையில் பிரட்டுக்களத்திலிருந்து புறப்படும் பால்மரத் தொழிலாளி ஒருவர், அன்றைய வேலை முடிவதற்குள் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே. ஏறக்குறைய 500 மரங்கள் கொண்ட ஒரு நிரையை வெட்டு வேலைக்காக ஒருமுறை சுற்றுகிறார். மங்குகளில் நிறைந்த பாலை எடுப்பதற்காக மீண்டும் ஒருமுறை சுற்றுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும், மழை பெய்த மறுநாள் வழுக்கும் படிகளிலும், பால் வாளியின் சுமையோடு அவர் நடக்க வேண்டியிருக்கிறது. மரத்தை வெட்டும் கையின் திறமையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தக் கையை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும் கால்களைப் பற்றி நாம் நினைப்பது, அவற்றுக்கு ஊறு நேரும்போதுதான்.

காலுக்கு நேரும் ஊறுகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று தொடை எலும்பு முறிவு. மோட்டார் சைக்கிள் விபத்து, டிராக்டரிலிருந்தோ லாரியிலிருந்தோ தவறி விழுதல், காற்றில் முறிந்த கிளை மேலே சாய்தல் ஆகியவை தோட்டப்புறங்களில் இதற்குக் காரணமாகின்றன. காயமுற்றவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், “அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், சம்மதக் கையெழுத்து இடுங்கள்” என்று மருத்துவர் கூறுகிறார். குடும்பத்தார் திகைத்துப் போகின்றனர். “காலையே எடுத்துவிடுவார்களோ?”, “கத்தி படாமல் எண்ணெய்க் கட்டினாலேயே குணமாகிவிடாதா?”, “கால் இல்லாமற் போனால் யார் சோறு போடுவார்?” என்றெல்லாம் மனம் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தில் சிலர் நாளைக் கடத்துகின்றனர். சிலர் நோயாளியை வீட்டுக்கே அழைத்துச் சென்றுவிடுகின்றனர்.

இத்தகைய நேரத்தில் குடும்பத்தார் தெளிவான முடிவுக்கு வருவதற்கு வேண்டிய விளக்கங்களைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடை எலும்பின் அமைப்பு

மனித உடலிலுள்ள எலும்புகளில் நீளத்திலும் வலிமையிலும் முதலிடம் வகிப்பது தொடை எலும்பாகும். இதன் நீளம் ஒருவரது உயரத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு. மேல்முனை உருண்டையாக அமைந்து இடுப்பின் கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. கீழ்முனை விரிந்து முழங்கால் மூட்டின் மேற்பகுதியாகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தண்டுப் பகுதி, மூங்கிலைப் போல் உட்புறம் குழலாக இருக்கிறது. அக்குழலில் மஜ்ஜை நிறைந்துள்ளது. இந்தக் குழல் அமைப்புதான் இன்றைய அறுவைச் சிகிச்சைக்குப் பெரிதும் துணைபுரிகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

இத்துணை உறுதியான எலும்பு, இளைஞர்களிடத்தில் எளிதில் முறிவதில்லை. அது முறிந்ததென்றால் உடலைத் தாக்கிய வேகம் மிகப் பெரிது என்று பொருள். ஆகவே, தொடை முறிந்தவருக்குத் தலையிலோ மார்பிலோ வயிற்றிலோ வேறு காயங்களும் இருக்கக்கூடும். வெளியில் தெரியும் காலை மட்டும் பார்த்துவிட்டு, மற்றவற்றைக் கவனியாது விடுவது ஆபத்தாகும்.

முறிவு ஏற்பட்டதும் உள்ளே நிகழ்வது என்ன?

தொடையைச் சுற்றிலும் உடலின் பெரிய தசைகள் அமைந்துள்ளன. எலும்பு முழுமையாக இருக்கும்வரை இத்தசைகள் நம்மை நடக்கச் செய்கின்றன. எலும்பு முறிந்ததும், அதே தசைகள் முறிந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துவிடுகின்றன. கால் குட்டையாகிறது, பாதம் வெளிப்புறமாகத் திரும்புகிறது, தொடை வீங்குகிறது.

இவ்வீக்கத்தில் பெரும்பகுதி இரத்தமாகும். தோலில் சிறு கீறல் இல்லாவிட்டாலும், முறிந்த ஒரு தொடைக்குள் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் கசிந்து தேங்கிவிடக்கூடும். வளர்ந்த மனிதரின் உடலில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர் இரத்தந்தான். எனவே, “இரத்தம் வரவில்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுவது தவறு. முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, நாடி வேகமாகத் துடித்தல், தாகம், மயக்கம் ஆகியவை உள்ளே இரத்தம் இழக்கப்படுவதன் அடையாளங்கள்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. எலும்பின் மஜ்ஜையிலுள்ள கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் அடையக்கூடும். விபத்து நிகழ்ந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத் திணறல், மனக்குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சிறு செந்நிறப் புள்ளிகள் தோன்றுமாயின் இதுவே காரணமாக இருக்கலாம். முறிந்த எலும்பு நிலைநிறுத்தப்படாமல் அசைந்துகொண்டே இருப்பது இவ்வாபத்தை மிகுதிப்படுத்துகிறது. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பல காயங்களோடு தொடையும் முறிந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் எலும்பைப் பொருத்திவிட்டால் நுரையீரல் கோளாறுகள் குறைகின்றன என்பதைக் காட்டியது. காயங்கள் மிகக் கடுமையாக இருந்தால், முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சைகளைச் செய்து, எலும்பைத் தற்காலிகமாக வெளிச்சட்டம் கொண்டு நிறுத்தி, உடல் தேறிய பின் நிலையான அறுவைச் சிகிச்சை செய்வதும் உண்டு.

விபத்து நிகழ்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை

காயமுற்றவரை எழுப்பி நிறுத்த முயலக் கூடாது. கைத்தாங்கலாக நடத்திச் செல்வதும், மோட்டார் சைக்கிளில் இருவருக்கிடையே உட்கார வைத்து அழைத்துச் செல்வதும் பெருந்தீங்கு விளைவிக்கும். எலும்பின் கூரிய முனைகள் ஒவ்வோர் அசைவிலும் தசையையும் இரத்தக் குழாயையும் கிழிக்கக்கூடும்.

உடனே 999 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், எந்தச் சாலை வழியே வர வேண்டும், எத்தனையாவது கட்டை ஆகிய விவரங்களைத் தெளிவாகச் சொல்லி, சாலை முகப்பில் ஒருவரை நிறுத்தி வைப்பது நலம். தோட்ட மருந்தகத்தின் உதவியாளர் அருகில் இருந்தால் அவருக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.

தோல் கிழிந்து இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்கவும். எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதனை உள்ளே தள்ளக் கூடாது. காப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் இடவே கூடாது. சுத்தமான துணியால் மூடிவைத்தால் போதும்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு நேரமாகும் என்றாலோ, நோயாளியை வேனில் கொண்டுசெல்ல நேர்ந்தாலோ, காலை அசையாதபடி கட்டிவிட வேண்டும். அக்குளிலிருந்து கணுக்கால் வரை எட்டும் நீண்ட பலகை ஒன்றை உடலின் வெளிப்புறமாக வைத்து, உறுத்தாமலிருக்கத் துணி சுற்றி, மார்பு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் கட்டலாம். பலகை கிடைக்காவிடில், இரு கால்களுக்குமிடையே மடித்த போர்வையை வைத்து, முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம். முறிந்த இடத்தின் மேலே முடிச்சு விழக் கூடாது. கட்டிய பிறகு கால்விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தால் கட்டைத் தளர்த்த வேண்டும். ஒரு கதவையோ அகன்ற பலகையையோ தூக்குப் படுக்கையாகப் பயன்படுத்திப் பலர் சேர்ந்து சமமாகத் தூக்க வேண்டும்.

தாகம் எடுக்கிறது என்று காயமுற்றவர் கேட்டாலும் காப்பி, தேநீர், சோறு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளவை மேலெழுந்து நுரையீரலுக்குள் சென்றுவிடும் அபாயம் உண்டு. வலியை மறப்பதற்கென்று மது கொடுப்பது அதனினும் கேடானது.

பழைய சிகிச்சையும் அதன் குறைகளும்

எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுவது உலகெங்கும் பழங்காலந்தொட்டு இருந்துவந்த கலையாகும். தொடை முறிவுச் சிகிச்சையில் புகழ்பெற்ற ‘தாமஸ் சட்டம்’ என்னும் சாதனத்தை அமைத்தவர், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் ஆவார். 1834 முதல் 1891 வரை வாழ்ந்த இவர், பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய தந்தை பட்டம் பெறாத எலும்பு வைத்தியர்; தம் மகன்கள் முறையாக மருத்துவம் கற்க வேண்டும் என்று விரும்பிப் படிக்க வைத்தார். பரம்பரைக் கைத்திறனும் மருத்துவக் கல்வியும் ஒருவரிடம் சேர்ந்ததால் உலகுக்கு ஒரு நன்மை கிடைத்தது. முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த போர்வீரர்களுள் பெரும்பாலோர் மாண்டுவந்தனர். இச்சட்டம் போர்முனையிலேயே பொருத்தப்படத் தொடங்கிய பின்னர் மிகப் பலர் உயிர் பிழைத்தனர்.

அதன் பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு, காலில் எடையைத் தொங்கவிட்டு இழுத்து வைப்பதே பெரியவர்களுக்குரிய சிகிச்சையாக இருந்தது. நோயாளி இரண்டு மூன்று மாதம் வரை மல்லாந்து படுத்தபடியே கிடக்க வேண்டும். அவருக்கு முதுகில் படுக்கைப் புண் உண்டாகும். நுரையீரலில் சளி சேரும். காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும். முழங்கால் மடங்காமல் விறைத்துப் போகும். எலும்பு கூடினாலும் கால் வளைந்தோ குட்டையாகவோ போவதுண்டு. மாதக்கணக்கில் வருமானமும் நின்றுவிடும். நம் மூத்த தலைமுறையினர் சிலர் தொடை முறிவு என்றவுடனே “இனி அவர் வேலைக்கு ஆகமாட்டார்” என்று சொல்வதற்கு, அவர்கள் கண்டது இந்தச் சிகிச்சைக் காலத்தையே என்பது காரணமாகும்.

உள்ளாணி தோன்றிய வரலாறு

1939 ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் கீல் துறைமுக நகரில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் புதிய முறை ஒன்றைக் கையாண்டார். முறிந்த தொடை எலும்பின் குழலுக்குள், மேல்முனையிலிருந்து ஒரு நீண்ட எஃகு ஆணியைச் செலுத்தினார். முறிந்த இரு துண்டுகளும் அந்த ஆணியில் கோக்கப்பட்டு ஒரே நேர்க்கோட்டில் நின்றன. மறு ஆண்டு பெர்லினில் நடந்த அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் இதனை விளக்கியபோது, மஜ்ஜையைக் கெடுத்தால் எலும்பு எவ்வாறு கூடும் என்று பலர் எதிர்த்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த நேச நாட்டுப் போர்வீரர்களுள் சிலர் தொடைக்குள் உலோக ஆணியோடு தாயகம் திரும்பினர். அவர்களது எக்ஸ்ரே படத்தைக் கண்ட மருத்துவர்கள் வியந்தனர். 1945 மார்ச்சில் அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் இதனைச் செய்தியாக வெளியிட்டது. போருக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது. 1970-ஆம் ஆண்டுகளில், ஆணியின் இரு முனைகளிலும் குறுக்கே திருகாணி பொருத்திப் பூட்டும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தாலும் கால் குட்டையாகாமலும் திரும்பிப் போகாமலும் காக்க இதனால் வழி பிறந்தது. இன்று வளர்ந்தவர்களின் தொடைத்தண்டு முறிவுக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது இந்தப் பூட்டு உள்ளாணிச் சிகிச்சையே.

ஆணியை ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்று கேட்கலாம். முறிந்த குச்சி ஒன்று பஞ்சு மெத்தையின் நடுவில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மெத்தையின் வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளேயிருக்கும் குச்சி நேராகுமா? தொடையின் பருத்த தசைக்கு வெளியே போடும் கட்டும் அத்தகையதே. முறிந்த மூங்கிலின் குழலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தினால் அது நேராக நிற்கும். உள்ளாணி செய்வது இதைத்தான்.

ஆணி எலும்பை ஒட்டவைப்பதில்லை; ஒட்டும் வேலையை எலும்பே செய்துகொள்கிறது. நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது நன்கு விளங்கும். மொட்டு வைத்த இடத்தில் கட்டு அசையாதிருந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். அதுபோல, எலும்பு கூடும் வரை அதனை நேராகவும் உறுதியாகவும் பிடித்து வைப்பதே ஆணியின் கடமை.

அறுவைக் கூடத்தில் நடப்பது

முதலில் இரத்தம் ஏற்றியும் மருந்து செலுத்தியும் நோயாளியின் உடல்நிலையைச் சீராக்குகின்றனர். இடுப்பு முதல் முழங்கால் வரை எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. பின்னர் மயக்க மருத்துவர் நோயாளியை முழுவதும் உறங்கச் செய்கிறார். அல்லது முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி அற்றுப்போகச் செய்கிறார். எம்முறை ஏற்றது என்பதை உடல்நிலையைக் கொண்டு அவரே முடிவு செய்வார்.

சிறப்பு மேசையில் காலை இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எலும்புத் துண்டுகளை நேராக்குகின்றனர். அறுவைக் கூடத்திலேயே இருக்கும் எக்ஸ்ரே கருவியின் திரையில் எலும்பின் நிலை அவ்வப்போது தெரிகிறது. இடுப்பின் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறி, எலும்பின் மேல்முனையில் ஒரு துளை இடுகின்றனர். அத்துளை வழியாக மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்றை எலும்பின் குழலுக்குள் செலுத்தி, முறிந்த இடத்தைத் தாண்டி முழங்காலுக்கு அருகே கொண்டுசெல்கின்றனர். குழலைத் தேவையான அளவு அகலப்படுத்திய பின், கம்பியின் மேலாக ஆணி இறக்கப்படுகிறது. சுமார் 10 மில்லிமீட்டர் பருமனும் 40 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமும் உள்ள அந்த ஆணி, நோயாளியின் எலும்புக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இறுதியில் சிறு கீறல்கள் வழியே மேலும் கீழும் திருகாணிகள் பொருத்தப்படுகின்றன. தொடை முழுவதையும் பிளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. முழங்கால் பக்கத்திலிருந்து ஆணியை மேல்நோக்கிச் செலுத்துவதும் சிலருக்கு ஏற்றதாகும். மூட்டுக்கு அருகில் முறிந்தவர்களுக்குத் தகடும் திருகாணிகளும் பயன்படுத்துவதுண்டு.

தோல் கிழிந்த முறிவாயின், கூடிய விரைவில் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தும் தேவைக்கேற்ப இசிவுநோய்த் தடுப்பூசியும் கொடுத்து, காயத்தை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே இவை செய்யப்படும்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

“டாக்டர் ஐயா, காலை எடுத்துவிடுவீர்களா?” என்று கேட்காத தாய்மார் இல்லை. “இல்லையம்மா, உங்கள் மகன் காலை வைத்து நடப்பதற்காகத்தான் இந்த அறுவை” என்பதே தொடைத்தண்டு முறிந்த மிகப் பெரும்பாலோர் விஷயத்தில் மருத்துவர் கூறும் மறுமொழி. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சிதைந்து காலைக் காக்கவே இயலாத அரிய நிலையில்தான் காலை நீக்க வேண்டி வரும். அதனைத் தனியே விளக்கிக் கூறுவர். சம்மதத் தாளில் என்ன எழுதியுள்ளது என்பதைத் தமிழ் தெரிந்த தாதியிடமோ உதவியாளரிடமோ வாசித்துச் சொல்லக் கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்திடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை.

உடலுக்குள் இருக்கும் ஆணி துருப்பிடிக்குமா? துருவேறாத எஃகு அல்லது டைட்டானியம் என்னும் உலோகத்தால் அது செய்யப்பட்டிருப்பதால் அவ்வாறு துருப்பிடித்துப் போவதில்லை. அது மின்னலை ஈர்க்கும் என்று சொல்வதும் ஆதாரமற்றதே. எலும்பு கூடிய பின் தொல்லை தராதிருந்தால் வளர்ந்தவர்கள் அதனை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஆபத்தே இல்லையா? எந்த அறுவைச் சிகிச்சையும் ஆபத்து முற்றிலும் இல்லாதது என்று கூற இயலாது. தோல் கிழியாத முறிவில் நூற்றுக்கு ஓரிருவருக்குக் காயத்தில் கிருமி தொற்றக்கூடும். சிலருக்கு எலும்பு கூடத் தாமதமாகி மறுமுறை சிகிச்சை தேவைப்படும். காலில் இரத்தம் உறைவதும் உண்டு. ஆயினும், உள்ளாணி பொருத்தப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு எலும்பு நன்கு கூடிவிடுகிறது. சிகிச்சை செய்துகொள்ளாமல் இருப்பதன் ஆபத்து இதனினும் பன்மடங்கு பெரிது.

எண்ணெய்க் கட்டைப் பற்றி

எண்ணெய்க் கட்டுப் போடுபவர்கள் மீது நம் மக்களுக்குள்ள மதிப்பு நீண்ட காலப் பழக்கத்தால் வந்தது. சிறு சுளுக்குக்கு அவர்களால் ஆறுதல் கிடைத்திருக்கலாம். ஆனால், தொடை எலும்பின் நிலை வேறு. முறிந்த தொடையைப் பிடித்து உருவினால் இரத்தக் கசிவு மிகும். கூரிய முனை நரம்பைச் சேதப்படுத்தலாம். மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகிவிடக்கூடும்; காலை இழக்க நேர்ந்தால் அது கத்தியால் நேர்ந்ததாக இராது, தாமதத்தால் நேர்ந்ததாகவே இருக்கும்.

ஒரே நாளில் தொடை முறிந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அன்றே மருத்துவமனைக்குச் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார். மற்றவர் ஆறு வாரம் எண்ணெய்க் கட்டோடு வீட்டில் இருந்துவிட்டு, கால் நேராகாததைக் கண்டு மருத்துவமனைக்கு வருகிறார். அதற்குள் அவருடைய எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருக்கும், தசைகள் சுருங்கியிருக்கும். கூடியதை மீண்டும் பிரித்து நேராக்க வேண்டிய அந்த அறுவை, முதலில் செய்திருக்கக்கூடியதைக் காட்டிலும் பெரியது. அதன் பிறகும் கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிடலாம். மேட்டு நிரையில் வாளியோடு ஏறி இறங்க வேண்டிய ஒருவருக்கு ஓர் அங்குலக் குறை சிறு குறையன்று.

அறுவைக்குப் பின்

நிலைமை இடங்கொடுத்தால் மறுநாளே நோயாளியை எழுந்து உட்காரச் செய்து, ஊன்றுகோலின் துணையோடு நடக்கப் பழக்குகின்றனர். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியும் அப்போதே தொடங்குகிறது. காலின் மீது எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பது முறிவின் தன்மையைப் பொறுத்தது. மருத்துவர் சொல்லும் அளவைக் குறைக்கவும் கூட்டவும் வேண்டாம். வலிக்கு அஞ்சிப் படுத்தே இருப்பவரின் முழங்கால் விறைத்துவிடும்.

எலும்பு நன்கு கூடுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். குறித்த நாளில் சென்று எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதால் அதனை அறவே நிறுத்திவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையின் அளவைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். மீனும் முட்டையும் புண்ணுக்கு ஆகாது என்று பத்தியம் இருப்பது தவறு. புண் ஆறவும் எலும்பு வளரவும் புரதச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தேவை. மீன், முட்டை, பருப்பு, கீரை, பால், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள்.

காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீரென்று மூச்சுத் திணறல் அல்லது மார்பு வலி ஏற்பட்டால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளும் முதியோரும்

குழந்தைகளின் எலும்பு விரைவில் கூடும். மிகச் சிறியவர்களுக்கு மாவுக்கட்டே போதுமானதாக இருக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வளையும் தன்மையுள்ள மெல்லிய ஆணிகள் பொருத்தப்படுவதுண்டு. முதியோருக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தாலே தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடலாம். “பாட்டிக்கு வயதாகிவிட்டது, படுக்கையிலேயே இருக்கட்டும்” என்று விட்டுவிடுவது பெருந்தவறு. படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு நுரையீரல் நோயும் படுக்கைப் புண்ணும் விரைவில் உண்டாகி உயிருக்கே கேடு விளையும். உடல்நிலை இடங்கொடுக்குமாயின் ஓரிரு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து அவர்களை எழுப்பி உட்கார வைப்பதே உயிர்காக்கும் வழியாகும்.

வருமானத்தைப் பற்றிய கவலை

வேலையில் நேர்ந்த விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேர்ந்த விபத்துக்கும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்நிறுவனம் 1971 முதல் செயல்பட்டு வருகிறது. வேலை செய்ய இயலாத காலத்துக்கு மருத்துவ விடுப்புச் சான்றிதழ் பெற்றவருக்கு, அவ்விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால், சட்டப்படி கணக்கிடப்படும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகையாகக் கிடைக்கும். சட்டப்படி வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

விபத்து நேர்ந்த அன்றே மண்டோரிடமும் அலுவலகத்திலும் தெரிவித்துவிடுங்கள். அறிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமையாகும். சாலை விபத்தாயின் போலீஸ் புகார் செய்து அதன் நகலை வைத்திருங்கள். மருத்துவ விடுப்புத் தாள்கள் ஒன்றையும் தொலைத்துவிட வேண்டாம். ஆணி முதலிய கருவிகளுக்குப் பணம் கேட்கப்பட்டு, செலுத்த இயலாவிடில், அரசாங்க மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகநலப் பிரிவு அதிகாரியைக் காணலாம். பணம் திரட்டும்வரை சிகிச்சையை ஒத்திப்போடாமல், அன்றே அவரைச் சந்திப்பது நன்று.

கால்களைக் காப்போம்

டிராக்டரின் பின்வண்டி விளிம்பில் உட்காராமலிருப்பதும், பலத்த காற்று வீசும்போது பட்ட மரங்களின் கீழ் நில்லாமலிருப்பதும், தோட்டச் சாலையே ஆயினும் மோட்டார் சைக்கிளை நிதானமாக ஓட்டித் தலைக்கவசம் அணிவதும், முதியோர் உள்ள வீட்டில் குளியலறைத் தரையைப் பாசியின்றி வைத்திருப்பதும் விபத்தைத் தவிர்க்கும் எளிய வழிகள்.

அவற்றையும் மீறி விபத்து நேர்ந்துவிட்டால், காலை அசையாமல் கட்டி, வயிற்றுக்கு எதுவும் கொடாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே மருத்துவர் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று கூறினால், ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து சம்மதம் கொடுங்கள். அன்று இடும் கையெழுத்து, சில மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் தம் நிரைக்கு நடந்து செல்வதற்கு வழி செய்யும்.